உள்ளே கழுவாதே

ஏழுமலை இறந்துவிட்ட செய்தியை எங்கள் பள்ளியின் சுற்றுச்சுவரில்தான் படித்தேன். காலை எட்டே முக்கால் மணி. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் பசை இன்னும் காயவில்லை. படம் பழைய படம். மீசை கறுப்பாகவும் கன்னம் நிறைந்தும் இருந்தது. 'மெக்கானிக் ஏழுமலை' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே 'இயற்கை எய்தினார்' என்று அச்சிட்டிருந்தார்கள். மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் போனேன். எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. "கண்ணு மஞ்சளா இருந்துச்சா?" என்றுதான் கேட்டேன்.

"மஞ்சளா? அதெல்லாம் இல்லியே டீச்சர். நேத்து செங்கத்துல இருந்து பஸ்ல வந்துகினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம், அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றார் கடைக்காரர்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தக் காலத்துலயே சாராயத்தக் குடிச்சி ஈரலக் கெடுத்துக்கினவரு. இவ்ளோ நாள் ஓடுனதே பெரிசு" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்குப் பழகிப்போன ஒன்று. நம் ஊர் மெக்கானிக்குகள் சேர்ந்து அச்சிடும் இந்த நினைவு மலருக்காக, "ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர்" என்று என்னிடம் கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு, சொல்லாமல் விட்ட அந்தப் பதில்தான் காரணம். உங்களில் பலருக்கு ஏழுமலையை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு வந்த மஞ்சள் காமாலையைப் பற்றி மட்டும் உங்கள் எல்லோரையும்விட எனக்கு அதிகம் தெரியும். நீங்கள் தெரிந்துவைத்திருப்பது பாதிதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேதியியல் ஆசிரியையாக இந்த ஊருக்கு வந்தேன். கோயிலின் மேற்கே பேய்க்கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். பள்ளிக்குப் போய்வர ஒரு மொபெட் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது நின்றுபோகும். கார்பரேட்டருக்குள் தேங்கும் பெட்ரோல் காய்ந்து அரக்கு போலப் படியும். ஜெட் என்கிற ஊசித் துளை அதில் அடைபடும். இந்தப் பிசினை எது கரைக்கும் என்பது நான் வகுப்பில் நடத்துகிற பாடம். எனவே கார்பரேட்டரை நானே கழற்றி, ஆய்வகத்தில் மீந்திருந்த அசிட்டோனில் ஒரு பகல் முழுவதும் ஊறவைத்தேன். பிசின் சுத்தமாகக் கரைந்தது. திரும்ப மாட்டியபோது பெட்ரோல் எல்லாப் பக்கமும் ஒழுகியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு செங்கம் சாலைக்குப் போனேன். புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கார்பரேட்டரைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரல் நுனியில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"யாரு டீச்சர் இதுக்கு வைத்தியம் பாத்தது?"

"நான்தான். அசிட்டோன்ல ஊறப் போட்டேன்."

"பேரு நல்லா இருக்குது. அழுக்கும் நல்லாத்தான் போயிருக்குது. ஆனா இதப் பாருங்க, பூரி மாதிரி ஊதிகினு இருக்குது. கொஞ்சம் கிழங்கு இருந்தா டிபனே முடிச்சிரலாம்." பிறகு சிரிக்காமல் கேட்டார்: "ஊத்தறதுக்கு முன்னால ரப்பரக் கேட்டீங்களா?"

ரப்பரைக் கேட்பது என்றால் என்ன என்பதை அன்றுதான் பார்த்தேன். கொட்டகையின் சன்னல் கட்டையில் பழைய மருந்து பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திரவம். மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்டில் கலக்கும் தின்னர், டர்பன்டைன், சலவை சோடா கரைத்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய ரப்பர் வளையம், ஒரு கேஸ்கெட் துண்டு, பித்தளைத் துணுக்கு ஒன்று, அலுமினியத் துணுக்கு ஒன்று. அவற்றைச் சாட்சி பாட்டில் என்பார். புதிதாக எந்தத் திரவம் கைக்கு வந்தாலும் முதலில் சாட்சி பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் வைத்திருப்பார். மறுநாள் எடுத்து, கிள்ளிப் பார்த்து, கீறிப் பார்த்து, பிறகுதான் வாடிக்கையாளரின் வண்டியில் அதைத் தொடவிடுவார். சோடாத் தண்ணீரில் கிடந்த அலுமினியம் கறுத்துப் போயிருந்தது. தின்னரில் கிடந்த ரப்பர் என்னுடையதைவிட மோசமாக இருந்தது. பள்ளியில் நாங்கள் செய்முறைத் தேர்வு என்ற பெயரில் நடத்துவதைவிட இது நேர்மையான சோதனை. முடிவு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

அவருடைய வகைப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். "கிருஷ்ணாயில் சோம்பேறி, ஆனா நல்லவன். ஊறப் போட்டுட்டுக் காத்திருக்கணும். பெட்ரோலு சுறுசுறுப்பு, ஆனா கோவக்காரன். தின்னர உள்ள விட்டா அழுக்கோட ரப்பரையும் சேத்துத் தின்னுட்டுதான் போவான்." மேல் கிரீசுக்கு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும், ஜெட்டுக்குக் கடைசியில் ஒரு மூடி பெட்ரோல், பிசின் முற்றியிருந்தால் மட்டும் ரப்பரை முழுக்க எடுத்துவிட்டுத் தின்னர். இதுதான் அவருடைய முறை. மண்ணெண்ணெய் காய்ந்த பிறகும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும் என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மலையடி ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் பழைய மோட்டார் சைக்கிளோடு ஒருமுறை வந்து நின்றார். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பா ஒன்றைக் காட்டி, இதை அடித்தால் ஐந்து நிமிடத்தில் கார்பரேட்டர் சுத்தமாகிவிடும் என்றார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். "நாளைக்கிச் சாயங்காலம் வரச் சொல்லுங்க டீச்சர், பாட்டில் இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்" என்றார் ஏழுமலை. வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். மறுநாள் அந்த வண்டியின் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மிதவையைப் போன்ற ஒரு பழைய மிதவை, சாட்சி பாட்டிலில் கொழகொழவென்று கிடந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

கடவுள் விஷயத்தில் எனக்கும் ஏழுமலைக்கும் ஒத்துப்போனதில்லை. "டீச்சருக்கு நாங்க சாமியா கும்பிடற மலையப் பாத்தாலும் வெறும் கல்லு" என்று ஒருநாள் சீண்டினார். கல்லுதானே என்றேன். "நாங்களும் கல்லுன்னுதான் சொல்றோம். யாரு இல்லன்னது?" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவர் ஸ்பேனர்களைத் துடைத்து, கொட்டகையின் உள்சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் அடுக்கி, கற்பூரம் காட்டுவார். நான் அங்கே இருந்தால் கற்பூரத் தட்டை என் பக்கம் நீட்டுவார். நான் தொட்டுக் கும்பிடாமல் தலையை மட்டும் அசைப்பேன். "அதுவே போதும்" என்பார்.

அந்தக் கற்பூரம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பெஞ்சுக்கு அடியில் பெட்ரோல் ஊற்றிய தட்டில் நான்கு கார்பரேட்டர்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஏழுமலை நின்றது பத்தடி தள்ளி. அவர் கற்பூரத்தை ஏற்றியதும் நெருப்பு தரையோடு ஓடிப்போய்த் தட்டைப் பற்றிக்கொண்டது. சாக்கை நனைத்து அவர்தான் அணைத்தார். வலது முன்கை முழுக்கத் தோல் உரிந்தது. ஒரு வாடிக்கையாளரின் ஸ்கூட்டர் சீட்டும், கொட்டகையின் ஒரு பக்கத் தட்டியும் எரிந்துபோயின.

பார்க்கப் போனேன். கையில் களிம்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பத்தடி தள்ளிதான் நின்னேன் டீச்சர். அது எப்பிடி அவ்ளோ தூரம் நடந்து போச்சி?" என்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தண்ணீர் போலத் தரையில் பரவி வரும், கண்ணுக்குத் தெரியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்போ நான் கணுக்கால் வரைக்கும் அதுல நின்னுகினுதான் கற்பூரம் ஏத்தியிருக்கேன்."

"ஆமாம். கற்பூரத்த வெளியில காட்டக் கூடாதா?"

"சாமி உள்ள இருக்குதே டீச்சர்." பிறகு களிம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அழுக்கும் போவணும், நெருப்பும் பத்தக் கூடாது. அப்பிடி ஒண்ணு உங்க படிப்புல இருக்குதா?"

இருக்கிறது என்றேன். யோசிக்கவே இல்லை. தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாணவியைப் போல இருந்தேன். கார்பன் டெட்ராகுளோரைடு. எண்ணெய், கிரீஸ், பிசின் எல்லாவற்றையும் கரைக்கும். எரியவே எரியாது, அந்த நாளில் சில தீயணைப்புக் கருவிகளிலேயே அதைத்தான் நிரப்பியிருந்தார்கள். விடைத்தாள் ஓரத்தைக் கிழித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதிக் கொடுத்தேன். சாட்சி பாட்டிலுக்காக மறுநாள் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு சிறு குப்பியில் கொண்டுவந்தும் கொடுத்தேன். பள்ளிப் பொருளை வெளியே கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்துதான் கொடுத்தேன்.

ஒருநாள் ஊறவைத்துப் பார்த்தார். "பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் ஒண்ணும் ஆவல. ரப்பர் மட்டும் ஊதுது. அத முன்னாடியே எடுத்து வெச்சிட்டா போச்சி" என்றார். தீக்குச்சியைக் கிழித்து ஒரு சொட்டின் மேல் காட்டினார். குச்சி அணைந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. வேலூரில் சலவைக் கடைகளுக்குக் கறை எடுக்கும் திரவங்கள் விற்பவரிடம் சொல்லி ஒரு டின் வரவழைத்தார். மற்ற மெக்கானிக்குகள் கேட்டால் "வேலூர் மருந்து" என்பார். என்னிடம் பேசும்போது மட்டும் அதற்கு "டீச்சர் மருந்து" என்று பெயர்.

அதன் ஆவி விஷம். இது எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் சன்னலைத் திறக்காமல் அந்தப் பாட்டிலைத் திறந்ததில்லை. இதை அவரிடம் சொன்னேனா? சொன்னேன் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைவைக் கிளறக் கிளற, சொல்ல நினைத்தது மட்டும்தான் நிச்சயமாக இருக்கிறது. அவர் எப்போதும் புளியமரத்தடியில்தானே கழுவுகிறார், வெட்டவெளிதானே என்று விட்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் தீபத்துக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் உங்களுக்கெல்லாம் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் இங்கே வந்துதான் நிற்கும். ஏழுமலை சாரலுக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய தட்டில் அந்தத் திரவத்தை ஊற்றி, மூன்று நாள் பகல் முழுவதும் உள்ளே உட்கார்ந்து கழுவினார். பெட்ரோலாக இருந்தால் மூடிய இடத்தில் நெடியே அவரை வெளியே தள்ளியிருக்கும். இது இனிப்பான மெல்லிய வாசனை. நெருப்புப் பிடிக்காது என்ற தைரியத்தில் வெள்ளிக்கிழமை கற்பூரத்தையும் அங்கேயே காட்டியிருக்கிறார். அந்த ஆவி சூடான நெருப்பில் பட்டால் இன்னும் கொடிய வாயுவாக மாறும் என்பதைப் பிறகுதான் படித்தேன். தலைவலித்தது என்று மாலையில் கொஞ்சம் சாராயம் குடித்திருக்கிறார். மதுவிலக்கு இருந்த காலம். அவர் குடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. என்னோடு பேசும்போது அவர் வாயில் எப்போதும் கிராம்பு இருந்ததன் காரணம் அப்புறம்தான் புரிந்தது. அந்தத் திரவமும் சாராயமும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு பல மடங்கு.

தீபத்தன்று மலையைப் பார்த்து ஊரே நின்றுகொண்டிருந்தபோது அவர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலையில் போனேன். கண் இரண்டும் மஞ்சள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி பச்சையம்மா, கீழாநெல்லி அரைத்த கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கழுவினார் என்று அவர்தான் சொன்னார். பச்சையம்மாவின் அண்ணன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"குடிச்சா இன்னா ஆவும்? இதான் ஆவும். தங்கச்சி, பொழைச்சி எழுந்தாலும் இந்தக் குடிகாரனோட நீ இருக்க வேணாம். துணியெல்லாம் எடுத்து வை, ஊருக்குப் போலாம்."

பச்சையம்மா கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். நான் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன திரவம், எத்தனை நாள், எவ்வளவு சிறிய அறை, கதவு சாத்தியிருந்தது, யார் கொடுத்தது எல்லாம் சொன்னேன். அவர் நின்று கேட்டார், மூன்று கேள்விகள் கேட்டார், சீட்டில் எழுதினார். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், இங்கே வைத்திருக்க முடியாது என்று சொல்லி, அன்றே வேனில் வேலூருக்கு அனுப்பினார். நான் சொன்னது ஏழுமலைக்கு உதவியது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் பேசியது முழுவதும் ஆங்கிலத்தில். டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. பச்சையம்மா இரண்டடி தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கிட்ட இன்னா சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"நல்லாப் பாத்துக்கச் சொன்னேன்" என்றேன்.

அவருடைய அண்ணன் சிரித்தார். "பாத்தியா, குடிகாரனுக்கு டீச்சரம்மா சிபாரிசு."

பச்சையம்மா கீழ்பென்னாத்தூருக்குப் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏழுமலை நான்கு மாதம் கழித்துக் கொட்டகையைத் திறந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. நான் போய் எதிரே நின்று, எந்த முன்னுரையும் இல்லாமல், காரணம் அந்தத் திரவம்தான், கொடுத்தது நான்தான் என்றேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் டீச்சர். வேலூர்ல டாக்டரு கேட்டாரே, இன்னா மருந்துல கழுவுனன்னு. அப்பவே தெரிஞ்சிச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "ரப்பருக்கு ஆவாதுன்னு பாட்டில் சொல்லிச்சி. ரப்பர எடுத்து வெளிய வெச்சேன். என்னை எடுத்து வெளிய வெச்சிக்கல."

"உங்க வீட்டுல சொல்லிடறேன். உங்க மச்சான் கிட்டயும் சொல்றேன்."

"வேணாம். பள்ளிக்கூடத்து மருந்த வெளிய குடுத்தாங்கன்னு ஒருத்தன் எழுதிப் போட்டா உங்க வேலை இன்னா ஆவும்? என் பேரு ஏற்கனவே கெட்டுதான் இருக்குது. நல்லா இருக்கிற பேர எதுக்கு இழுக்கணும்? அதுவும் இல்லாம, சாராயந்தான் காரணம்னு அவ நெனச்சா நானும் அத விட்டுருவேன். விட்டுட்டேன்."

நான் மறுத்திருக்கலாம். ஒருமுறை, மரியாதைக்காக, மறுத்தேன். அவர் தலையை அசைத்ததும் நிறுத்திக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும். அதன் பிறகு "டீச்சர் மருந்து" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

மீதித் திரவத்தை டின்னோடு வேலூருக்கே திருப்பி அனுப்பினார். மண்ணெண்ணெய்க்கும் பிரஷ்ஷுக்கும் திரும்பினார். ஜெட்டுக்கு மட்டும் மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல், அதுவும் மரத்தடியில். மழை வந்தால் வேலை நிற்கும். "மழை விடட்டும், வண்டி எங்கியும் ஓடிப்போவாது" என்று வாடிக்கையாளரை உட்காரவைப்பார். வெள்ளிக்கிழமை மாலையில் டப்பாக்கள் எல்லாம் சாலை ஓரத்துக்குப் போன பிறகுதான் கற்பூரம். கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில், மீந்த சிவப்புப் பெயின்டில், தன் கோணல் எழுத்தில் 'உள்ளே கழுவாதே' என்று எழுதிவைத்தார். கூட்டல் கழித்தல் இல்லாமல் சொன்னால், செங்கம் சாலையில் இன்று எனக்குத் தெரிந்து மூன்று பட்டறைக் கதவுகளில் அந்த வாக்கியம் இருக்கிறது. தரை பாழாகாமல் இருப்பதற்காக எழுதியது என்று அவற்றில் ஒன்றின் உரிமையாளர் எனக்கே விளக்கம் சொன்னார். இல்லை. அது மூச்சுக்காக எழுதியது.

குடியை விட்டபின் ஊர் அவரைப் பாராட்டியதா என்றால், இல்லை. 'காமாலை வந்து திருந்தியவன்' என்று உதாரணம் காட்டியது. கல்யாண வீடுகளில், டீக்கடைகளில், அவர் எதிரிலேயே. அவர் காதில் வாங்கிக்கொண்டு ஜெட்டை ஊதிக்கொண்டிருப்பார். நான் அங்கே இருந்தால் என் பக்கம் பார்க்க மாட்டார். பார்த்தால் நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. திறந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அவர் இறந்தது அந்தத் திரவத்தால் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஒன்றையொன்று முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. நெஞ்சு வலி யாருக்கும் வரும். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பச்சையம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கொட்டகைக்குப் பின்னால் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். இந்த முறை தமிழில். அவர் கை நிற்கவில்லை. கடலை உடைந்துகொண்டே இருந்தது.

"அன்னிக்கி ஆஸ்பத்திரியில இங்கிலீஷ்ல பேசுனீங்களே, இதுதானா?"

"ஆமாம்."

"நான் கேட்டனே."

"கேட்டீங்க. நான் பொய் சொன்னேன்."

முறத்தைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வருசம் டீச்சர். சோறு போடறப்பல்லாம் சொல்லுவேன், குடிச்சி என் தாலிய அறுக்கப் பாத்தியேன்னு. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, அது மட்டும் இல்லடின்னு வாயத் தொறந்துச்சா அந்த ஆளு? தலையக் குனிஞ்சிகினு சாப்புட்டுட்டுப் போவும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்குது. அந்த ஆளு மேல அதவிட ஜாஸ்தி. எங்க போயி அதக் காட்டுறது?"

நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. அவர் முறத்தை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"எழுதுங்க. ஆனா அவரு குடிக்கலன்னு எழுதாதீங்க. குடிச்சாரு. அதயும் எழுதுங்க, உங்க மருந்தயும் எழுதுங்க. ஒண்ணக் கம்மி பண்ணி ஒண்ண ஜாஸ்தி பண்ணாதீங்க. எங்க அண்ணன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அதுக்குப் புரியற மாதிரி எழுதுங்க."

கிளம்பும்போது கொட்டகைக்குள் போய் சன்னல் கட்டையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஆய்வகத்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த அதே குப்பி. திரவம் எப்போதோ ஆவியாகிவிட்டது. அடியில் ஒரு ரப்பர் வளையம், ஒரு பித்தளைத் துணுக்கு, ஒரு அலுமினியத் துணுக்கு. இத்தனை ஆண்டுகளாக அதை அவர் மற்ற பாட்டில்களோடு சேர்த்தேதான் வைத்திருந்திருக்கிறார்.

அந்தக் குப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, எதை ஊற்றுவதற்கு முன்னும் அது தொடப்போகிற எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்ற அவருடைய வழக்கம். அந்தக் கணக்கில் ஆளையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னொன்று, எனக்காக அவர் சுமந்த கெட்ட பெயர். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன், அவருக்கு வேண்டாம். உங்களில் யாருடைய பட்டறையிலாவது அந்த வேலூர் மருந்து இன்னும் ஒரு மூலையில் இருந்தால், திறக்காமல் என்னிடம் கொண்டுவாருங்கள்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் பச்சையம்மாவின் அண்ணனுக்கு, அன்று வார்டில் நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்:

இவர் சாராயம் குடித்தார். ஆனால் அதனால் மட்டும் இப்படி ஆகவில்லை. நான் கொடுத்த விஷத்தை, விஷம் என்று தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் சுவாசித்தார். தவறு என்னுடையது.